ஆட்டமில்லாத வாரம்

எனக்கு விளையாட்டு என்றாலே ஆகாது. கிரிக்கெட் பைத்தியம் பிடித்த ஒரு மாவட்டத்தில் பிறந்து, தென்கடல் தீவு நாடு ஒன்றில் கால்பந்தைக் கும்பிடும் பா நகரத்துக்குக் கணக்கு வாத்தியாராக வந்து சேர்ந்தவன் நான். இரண்டு ஊர்க்காரர்களும் என்னைப் பாவம் பார்த்து மன்னித்துவிட்டார்கள். பா அணி தோற்ற மறுநாள் காலையில் வகுப்புக்குள் நுழைந்து அல்ஜீப்ரா நடத்தினால், ஈவு இரக்கமில்லாதவன் என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிடுவார்கள். அப்படிப்பட்ட நான், 2006இல், ஞாயிறு தவறாமல் அமெரிக்காவில் ஒரு கல்லூரி அணி ஆடிய ஆட்டத்தைக் கம்ப்யூட்டரில் பின்தொடர்ந்தேன். பார்த்தேன் என்று சொன்னால் பொய். படமெல்லாம் எங்கள் வீட்டு இணைப்பில் வராது. எழுத்தும் எண்ணும்தான் வரும், அதுவும் மனசு வைத்தால்.

காரணம் என் மகன். அவன் ஆட்டக்காரன் இல்லை. எங்கள் பள்ளியின் கேடட் அணிவகுப்பில் டிரம் அடித்துப் பழகியவன், கலிபோர்னியாவில் சேர்ந்த கல்லூரியிலும் அதையே பிடித்துக்கொண்டான். அந்த ஊரில் கல்லூரிக் கால்பந்து என்பது ஒரு திருவிழா. ஆட்டத்தின் முதல் பாதி முடிந்ததும் இருபது நிமிடம் இடைவேளை விடுவார்கள். அப்போது கல்லூரியின் பேண்ட் குழு மைதானத்துக்குள் இறங்கி வாசிக்கும். அவன் அங்கே போன முதல் வருடம், இறகு வைத்த தொப்பியும் பித்தளைப் பொத்தான் சட்டையுமாக ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். என் மனைவி அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டாள். தினமும் விளக்கேற்றும்போது அவனுக்கும் சேர்த்துக் கற்பூரம் காட்டுவாள். உயிரோடு இருக்கும் பிள்ளைக்கு எதற்கடி இது என்று சத்தம் போட்டுப் பார்த்தேன், கேட்கவில்லை.

அவன் ஏன் அங்கே போனான் என்பதைச் சொல்லிவிட வேண்டும். 1987இல் அடுத்தடுத்து நடந்த இரண்டு ராணுவப் புரட்சிகளுக்குப் பிறகு இந்த நாட்டு வாத்தியார்களில் பாதிப் பேர் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போன நாற்காலிகளில் உட்காரத்தான் என்னைப் போன்றவர்களைத் தமிழ்நாட்டிலிருந்து கூட்டிவந்தார்கள். கொஞ்ச வருடம் இருந்துவிட்டுத் திரும்பிவிடுவோம் என்று கைக்குழந்தையோடு வந்தோம். ஒப்பந்தம் முடியும்போதெல்லாம் புதுப்பித்தார்கள், நாங்களும் தலையாட்டினோம். 2000இல் மறுபடி ஒரு புரட்சி. பள்ளியை மூடினார்கள். திறந்தபோது வகுப்பு மெலிந்திருந்தது. அதற்குப் பிறகு எந்தத் திங்கட்கிழமையும் ஒரு பெஞ்சு காலியாகலாம். எங்கே என்று கேட்டால், "ஆக்லாந்து சார்", "கனடா சார்" என்று பக்கத்துப் பிள்ளை சொல்லும், கழிப்பறைக்குப் போனவனைச் சொல்வது போல.

என் மகன் என்னுடைய வேலை அனுமதியின் நிழலில் இங்கே வளர்ந்தவன். வயது வந்த பிள்ளைக்கு அந்த நிழல் கிடையாது. தமிழ்நாடோ அவனுக்கு விடுமுறையில் இரண்டு முறை போன மாமா வீடு, அவ்வளவுதான். அமெரிக்காவில் படித்து முடித்து ஒரு வேலையில் உட்கார்ந்தால்தான் அவனுக்கென்று கால் ஊன்ற ஓர் இடம் உண்டு. படிப்பு நின்றால் விசாவும் நின்றது. அப்புறம் அங்கே ஒளிந்து இருக்கலாம், அல்லது இங்கே வரலாம். வந்தால் திரும்பப் போக முடியாது, இருந்தால் எங்களைப் பார்க்க வர முடியாது. இதை நான் அவனுக்குக் கரும்பலகையில் எழுதாத குறையாகச் சொல்லித்தான் அனுப்பினேன். நாந்தி விமான நிலையத்துக்கு இரண்டு வேன் நிறைய ஆள் வந்தார்கள். இங்கே ஒருவனை அனுப்ப ஒரு கல்யாணக் கூட்டம் போகும்.

அந்த வேன்களில் ஒன்றைப் பிடித்துக் கொடுத்தவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். நாங்கள் குடியிருந்த வரதோலிப் பகுதியில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு செம்பருத்தி வேலிதான். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கரும்பு வெட்ட மதராஸிலிருந்து கப்பலேறி வந்தவரின் பேரன். பிள்ளைகள் மூன்று பேரும் மூன்று நாட்டில். வீட்டில் இந்தி, கடையில் இந்தி, கனவிலும் இந்தி என்று வாழ்ந்தவருக்குத் தமிழ் பேச நாங்கள் கிடைத்தது பெரிய விருந்து. நான் மகனோடு போனில் பேசுவதை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுவிட்டு ஒருநாள் சொன்னார்:

"மாஸ்டர்ஜி, லட்காவ, பெத்த புள்ளைய, இன்னாத்துக்கு இவ்ளோ கேள்வி கேக்கறீங்க? வெளிநாடு போன புள்ளை கிட்ட படிப்பு இன்னா, வேலை இன்னான்னு கேக்கக் கூடாது. மழை பேஞ்சுதா, துன்னியா, அவ்ளோதான். போனை வச்சுடணும்."

"ஏன், கேட்டா என்ன?"

"இங்க யாரும் கேக்க மாட்டாங்க" என்றார், அதுவே காரணம் என்பது போல.

உண்மைதான். பிறகு கவனித்தேன். சந்தையில், கோயிலில், கல்யாணத்தில், எல்லோரும் வெளிநாட்டுப் பிள்ளைகளைப் பற்றித்தான் பேசினார்கள். சிட்னியில் வெயில் எப்படி, வான்கூவரில் பனி எவ்வளவு என்று கரும்பு விவசாயி கூடச் சொல்வார். பிள்ளை என்ன செய்கிறான் என்று யாரும் சொல்லவும் இல்லை, கேட்கவும் இல்லை. எனக்கு அது விவரமில்லாத ஜனங்களின் பழக்கமாகப் பட்டது. நான் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன்.

மகன் போன இரண்டாம் வருடம் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது, போன் கம்பி வழியாக இணையமும் வந்தது. இணையத்துக்குள் போனால் போன் செத்துவிடும். அது கரும்பு ஆலை ஓடும் பருவம். கொடியில் காயும் துணியில் கரி விழும், ஊரெல்லாம் பாகு வாசனை. முதல் சனிக்கிழமை காலையில் கல்லூரி அணியின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மதியம் வரை உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஆட்டத்தை ரத்து செய்துவிட்டார்களோ, ஏதாவது கலவரமோ என்று இந்த நாட்டில் இருந்து பழகிய மூளை எங்கெங்கோ போனது. பக்கத்து வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அரே மாஸ்டர்ஜி! அமெரிக்கா நம்ம பின்னால ஒரு நாள் கழிச்சு வருது. அவங்க சனிக்கெழம நமக்கு ஞாயித்துக்கெழம. நீங்க போயி கணக்கு வாத்தியாரு!"

மறுநாள் ஞாயிறு காலை, சரியாக அவர் சொன்னபடியே, பக்கம் உயிர் பெற்றது. ரெஃப்ரெஷ் பொத்தானை அமுக்க அமுக்க ஒவ்வொரு வரியாக ஆட்டம் வந்தது. அவரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுகிறார்கள் என்று நான் விளக்கியதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இது இன்னா ஃபுட்பாலு? இது ரக்பி. தலைல குண்டான் கவுத்துக்கினு ஆடற ரக்பி" என்று எழுந்து போனார்.

எனக்கோ பிடித்துப்போனது. ஆட்டம் இல்லை, அதன் கணக்கு. ஒருமுறை கோட்டைத் தாண்டினால் ஆறு, அதற்கு மேல் ஓர் உதைக்கு ஒன்று, தூரத்திலிருந்து உதைத்தால் மூன்று. பத்து கெஜம் முன்னேற நான்கு வாய்ப்பு. மூன்று வாய்ப்பிலும் நகர முடியவில்லை என்றால், நான்காவதில் அவர்களாகவே பந்தைத் தங்கள் காலால் எவ்வளவு தூரம் உதைக்க முடியுமோ அவ்வளவு தூரம் உதைத்து எதிராளியிடம் கொடுத்துவிடுகிறார்கள். இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று மனைவியிடம் சொன்னேன்.

"நாம மட்டும் என்ன செஞ்சோம்?" என்றாள் அவள், முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டே.

அவளுக்கு ஆட்டத்தில் அக்கறையில்லை. முதல் பாதி முடிந்ததும் நான் குரல் கொடுப்பேன். டீயோடு வந்து உட்காருவாள். திரையில் 'இடைவேளை' என்ற சொல் மட்டும் நிற்கும். எத்தனை தடவை ரெஃப்ரெஷ் செய்தாலும் ஒரு புள்ளி நகராது. பேண்ட் குழுவைப் பற்றி அந்தப் பக்கத்தில் ஒரு வார்த்தை வராது. ஆனால் அந்த அசையாத இருபது நிமிடமும் எங்கள் பிள்ளைக்குச் சொந்தம். "ஆரம்பிச்சாச்சா?" என்பாள். "இறங்கிட்டாங்க" என்பேன். கண்ணை மூடிக்கொள்வாள். ஒரு விரல் டம்ளரில் மெல்லத் தட்டிக்கொண்டிருக்கும். அவ்வளவு சந்தோஷமாக நாங்கள் இருவரும் சும்மா உட்கார்ந்திருந்த காலம் வேறில்லை.

ஆட்டம் முடிந்ததும் இணைப்பைத் துண்டித்துவிட்டுக் காத்திருப்போம். மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு அவன் கூப்பிடுவான். அவனுக்கு அப்போது சனிக்கிழமை சாயங்காலம். மனைவிக்கும் கேட்க வேண்டும் என்று போனில் ஸ்பீக்கரைப் போடுவோம். முதல் வருடம் அவன்தான் மூச்சுவிடாமல் பேசியிருந்தான். இந்த வருடம் நான் பேசினேன். எவ்வளவுக்கு எவ்வளவு, யார் கடைசியில் தாண்டியது, எந்த இடத்தில் கோட்டை விட்டார்கள் என்று எனக்குத் தெரிந்த புது வித்தையை எல்லாம் அவனிடம் காட்டினேன். "ஆமாப்பா", "கரெக்ட் அப்பா" என்பான். வளர்ந்துவிட்டான், பேச்சு குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அக்டோபரில் ஒரு ஞாயிறு காலை உட்கார்ந்தேன். ஆட்டம் வரவில்லை. பழைய தப்பையே செய்துவிட்டேனோ என்று காலண்டரைப் பார்த்தேன். ஞாயிறுதான். இணைப்பு கோளாறு என்று துண்டித்துத் துண்டித்துப் போட்டேன். மனைவி டீயோடு வந்து திரும்பிப் போனாள். மதியம் அவன் கூப்பிட்டபோது என் கையில் சொல்ல ஒன்றுமில்லை. அதனால் அந்த வருடம் முதல் முறையாக ஆட்டத்தைப் பற்றி அவனிடம் கேட்டேன்.

"இன்னிக்கு நெட் சரியில்லப்பா. ஆட்டம் என்னாச்சு?"

கொஞ்சம் தாமதித்தான். கடலுக்கடியில் குரல் வரும் தாமதம் என்று நினைத்தேன்.

"ஜெயிச்சுட்டோம் அப்பா. செம கூட்டம். ஹாஃப் டைம்ல புதுப் பாட்டு வாசிச்சோம்."

"கை வலிக்குதாடா?" என்றாள் அவன் அம்மா.

"இல்லம்மா. கொஞ்சம்தான்."

சாப்பிட்டுவிட்டு மறுபடி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். வெற்றி எவ்வளவில் என்று தெரிந்துகொள்ளும் ஆசைதான், சத்தியமாக வேறு எண்ணமில்லை. இணைப்பில் ஒரு கோளாறும் இல்லை. அந்த வருட ஆட்டங்களின் அட்டவணையைத் திறந்தேன். அந்தச் சனிக்கிழமைக்கு நேரே 'ஆட்டம் இல்லை, ஓய்வு' என்று இருந்தது. எல்லா அணிக்கும் நடுவில் ஒரு வாரம் ஓய்வு உண்டாம். அரைகுறை ரசிகன், எனக்கு அது தெரியாது. மைதானத்தில் டிரம் அடிப்பவனுக்கு அது தெரியாமல் இருக்க முடியாது.

நாள் வித்தியாசத்தை மறுபடி கணக்குப் போட்டேன். இங்கே ஞாயிறு, அங்கே சனி. திங்கட்கிழமை பள்ளியிலிருந்து வந்து பார்த்தேன், செவ்வாய்க்கிழமை பார்த்தேன். எனக்குக் கணக்கு தப்ப வேண்டும் என்று வாழ்க்கையில் நான் வேண்டிக்கொண்டது அந்த இரண்டு நாள்தான். தப்பவில்லை. அந்த வாரம் எங்கேயும் எதுவும் நடக்கவில்லை. அப்படியானால் இத்தனை ஞாயிறும் அந்த அசையாத இருபது நிமிடத்தில் என் பிள்ளை எங்கே இருந்தான்? நான் அவனுக்குச் சொன்னதைத்தான் அவன் ஆமாம் என்று எனக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறான். டிரம்மை மட்டும் விட்டிருந்தால் சொல்லியிருப்பான், மறைத்தான் என்றால் படிப்பே போயிருக்கிறது. அன்று இரவு சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தேன். மனைவி கேட்டதற்கு, வாயுத் தொல்லை என்றேன்.

அடுத்த ஞாயிறு கேட்டுவிடுவது என்று ஏழு நாளும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ஞாயிறு வந்தது. இடைவேளை வந்தது. மனைவி டீயோடு உட்கார்ந்து, "ஆரம்பிச்சாச்சா?" என்றாள். "இறங்கிட்டாங்க" என்றேன். அவள் விரல் டம்ளரில் தட்ட ஆரம்பித்தது. மதியம் போன் அடித்ததும் அவனை வாய் திறக்கவே விடாமல் நான் முந்திக்கொண்டேன்.

"தோத்துட்டீங்களேடா, ஏழு பாயிண்டுல. மழை வேற கொட்டியிருக்கு போல."

"ஆமாப்பா. செம மழை" என்றான்.

அதன் பிறகு அதுவே என் வேலையானது. அவன் அம்மாவுக்கு முன்னால் அவன் உளறிவிடக் கூடாது என்பதற்காக நான் ஆட்டத்தைக் கவனமாகப் படித்தேன். கூட்டம் எவ்வளவு, காற்று எப்படி என்று தேடி எடுத்து வைத்துக்கொண்டு அவன் பொய் சொல்லத் தேவையானதை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். பரீட்சை ஹாலில் பிட் கொடுத்தவனைப் பிடித்து எத்தனையோ பேரை வெளியே அனுப்பியிருக்கிறேன். அணி தொடர்ந்து தோற்றுக்கொண்டே வந்தது. அதுகூட எனக்கு உறைக்கவில்லை.

நவம்பரில் பக்கத்து வீட்டுக்காரர் கிளம்பினார். பிரிஸ்பேனில் இருக்கும் மூத்தவனிடம் போகிறார். வழக்கம் போல ஆடு அடித்து, முற்றத்தில் பாய் விரித்து, தேங்காய் ஓட்டில் கரோக் என்னும் போதைப் பானம் சுற்றி வர, பிரிவு விருந்து நடந்தது. மிளகு இனத்து வேரை இடித்துக் கரைத்த, நாக்கை மரக்கச் செய்யும் அந்தச் சேற்றுத் தண்ணீரை நான் தொடுவதில்லை. அன்று குடித்தேன். அவரிடம் மட்டும் மகன் விஷயத்தை மெல்லச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"என் பெரியவன் ஆபீஸ் வேலைன்னுதான் சொல்லினு இருந்தான். கோழி அறுக்கற ஃபேக்டரி அது. பக்கத்து ஊரு பையன் வந்து சொன்னான். நான் இன்னி வரைக்கும் கேக்கல."

"இப்ப அங்கதானே போறீங்க? பார்த்துடுவீங்களே."

"காலைல அவன் வேலைக்குப் போறப்ப நான் தூங்கிடுவேன்" என்றார்.

சிரிக்க முயன்றார், வரவில்லை. விவரமில்லாத பழக்கம் என்று நான் நினைத்ததை இவர்கள் எவ்வளவு விலை கொடுத்துக் கற்றிருக்கிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. மறுவாரம் அந்த வீட்டு ஜன்னல்களில் பலகை அடித்தார்கள்.

டிசம்பர் முதல் வாரம் மறுபடி புரட்சி. இந்த முறை அதிகம் சத்தமில்லை. ரேடியோவில் அறிவிப்பு, ஆற்றுப் பாலத்தில் துப்பாக்கியோடு சிப்பாய்கள். ஒருவன் என்னிடம் படித்தவன். "புலா, மாஸ்டர்" என்று வணங்கிவிட்டு, என் பைக்குள் கைவிட்டு விடைத்தாள்களைப் புரட்டிப் பார்த்தான். தன் பழைய மார்க்கைத் தேடுவது போல இருந்தது.

அன்று மாலையே மகன் கூப்பிட்டான். ஞாயிறு இல்லை, ஆட்டக் காலமும் முடிந்திருந்தது. ஸ்பீக்கரில் அவன் குரல் மேலும் கீழுமாக வந்தது.

"டிவியில காட்டினாங்கம்மா. பயமா இருக்கு. நான் வந்துடவா?"

"வாடா கண்ணு. வந்துடு" என்றாள் அவள், ஒரு நொடி கூட யோசிக்காமல். இரண்டு வருடமாக அந்தச் சொல்லை நாக்கின் நுனியிலேயே வைத்திருந்தவள் அவள்.

அவன் பயப்பட்டது எங்களுக்காக இல்லை என்று எனக்குத் தெரியும். திரும்பி வர ஒரு காரணம் கிடைத்துவிட்டது அவனுக்கு. படிப்பை விட்டதைச் சொல்லாமலே வந்துவிடலாம், அப்பா அம்மாவுக்காக ஓடி வந்த பிள்ளை என்று பெயரும் கிடைக்கும். ஸ்பீக்கரை அணைத்துவிட்டு ரிசீவரைக் காதில் வைத்தேன்.

"தங்க இடம் இருக்கா?"

"இருக்குப்பா."

"சாப்பாட்டுக்கு?"

"இருக்கு. ஒரு முதியோர் இல்லத்துல..." நிறுத்திக்கொண்டான். "அப்பா, நான் காலேஜ்ல..."

"தெரியும்."

"எப்பத்திலேர்ந்து?"

"ஆட்டமில்லாத வாரம்."

அதற்குப் பிறகு நான் எடுத்துக் கொடுத்த மழையும் காற்றும் அவனுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்திருக்க வேண்டும். அழுதான். சின்ன வயதில் அழுவது போலவே, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. வா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் அடுத்த விமானத்தில் ஏறியிருப்பான். வந்து? பார்வையாளர் விசாவில் கொஞ்ச நாள் என் வீட்டில் விருந்தாளியாக இருப்பான். அப்புறம் எந்த நாட்டுக்கு அனுப்புவேன்?

"வராதே" என்றேன். "அங்கேயே இரு."

ரிசீவரை வைத்தபோது மனைவி எதிரே நின்றுகொண்டிருந்தாள். "தெரியும்னீங்களே, என்ன தெரியும்?" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள், என்னை அடிக்கக்கூடச் செய்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் போய்ச் சாமி படத்துக்குப் பக்கத்திலிருந்த போட்டோவைச் சேலைத் தலைப்பால் துடைத்து, மறுபடி அதே ஆணியில் மாட்டினாள். அன்று இரவு சமைக்கவில்லை.

பிறகு அவன் கூப்பிடுவது குறைந்தது. கூப்பிட்டால் அவள்தான் எடுப்பாள். "அங்க மழையாடா? சாப்பிட்டியா?" என்பாள். வேறொன்றும் கேட்க மாட்டாள். கல்யாண வீடுகளில் யாராவது விசாரித்தால், கலிபோர்னியாவில் இந்த வருடம் வெயில் அதிகமாம் என்பாள். அவனுக்கு இனி விசா கிடையாது, வரவும் முடியாது என்பதை நாங்கள் இருவரும்கூட எங்களுக்குள் பேசிக்கொண்டதில்லை.

அடுத்த பருவம் ஆலைச் சங்கு ஊதியது, துணியில் கரி விழுந்தது, அந்தக் கல்லூரியும் ஆடத் தொடங்கியது. ஞாயிறு காலையில் வேறென்ன செய்வது என்று தெரியாமல் பக்கத்தைத் திறந்தேன். முதல் பாதி முடிந்தது. நான் குரல் கொடுக்கவில்லை. ஆனாலும் அவள் டீயோடு வந்து, தன் பழைய இடத்தில் உட்கார்ந்தாள். நகராத அந்த எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இப்போ யாருங்க அடிக்கிறது?"

"யாரோ பெத்த பிள்ளை."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். டம்ளரைப் பிடித்திருந்த விரல் அசையவில்லை. இரண்டாம் பாதி தொடங்கும் வரை இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.